சத்தமில்லாமல் விழுந்த அருவி

குண்டேரி
12.6.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் தங்கை காவேரி எழுதுவது. மலையேறி வந்து எட்டு நாளாகிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை, மூக்கு மட்டும் நிற்காமல் ஒழுகுகிறது. நீயும் அண்ணியும் நிலாக்குட்டியும் சுகமா?

கலந்தாய்வில் இந்தப் பள்ளிக்கூடத்தை நான் எடுத்ததும், "வல்லத்த சுத்தி இஸ்கூலே இல்லியா, எதுக்கு அந்தக் காட்டுக்குப் போய்க்கினு?" என்று குதித்தாயே, வந்து பார் இந்தக் காட்டை. கொடைக்கானலிலிருந்து பூம்பாறை தாண்டி ஒன்றரை மணி நேரம் பஸ். கீழே ஏரி. ஏரியைச் சுற்றிப் படிப்படியாகப் பூண்டு வயல். அதற்கு மேலே சோலைக்காடு. பஸ்ஸை விட்டு இறங்கியதும் எனக்கு ஏரிகூட முதலில் தெரியவில்லை, அருவி இரைகிற சத்தம்தான் கேட்டது. அருவி எங்கே என்று கேட்டால் இன்னும் இரண்டு மைல் என்கிறார்கள்!

நான் வாடகைக்கு இருப்பது பலராமன் என்பவரின் வீட்டு மாடியில். பூண்டு விவசாயி. அருவியின் சத்தத்தைக் கேட்டே, "மேல மழை புடிச்சிருச்சு டீச்சர், துணிய எடுங்க" என்பார். கால் மணி நேரத்தில் மழை வந்துவிடும். மெஷின் சத்தத்தை வைத்துக் கோளாறு சொல்லும் உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன்.

இந்த ஊரில் செல்போன் டவர் என்பது பேய் மாதிரி. பார்த்தேன் என்று சொல்பவர்கள் உண்டு, எனக்கு அகப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் வளைவு வரை நடந்து போய் உனக்குப் பேசினேன். "இரு, அண்ணிகிட்ட குடுக்கறேன்" என்று போனை நீட்டிவிட்டாய். போன மாதமும் இதேதான். என்மேல் கோபமா? கோபம் என்றால் அதை எழுதியாவது அனுப்பு.

மழைக்காலத்தில் ஒரு முறை எல்லோரும் இங்கே வந்தே ஆக வேண்டும்.

உன் அன்புத் தங்கை,
காவேரி

⁂

வல்லம் வடகால்
22.6.2025

அன்புத் தங்கை காவேரிக்கு,

அண்ணன் ரகுபதியின் ஆசிகள். இங்கே எல்லோரும் சௌக்கியம். மூக்கு ஒழுகினால் மிளகு ரசம் வை. டீச்சராகிவிட்டாய், இதைக்கூட நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கோபமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வளைவில் நின்று பேசினால் பாதி வார்த்தை காற்றில் போகிறது, அதற்கு எதற்குக் காசு? கடிதம் என்றால் வைத்து வைத்துப் படிக்கலாம். இனிமேல் கடிதமே எழுது.

கடந்த வாரம் கம்பெனியில் ஒரு கூத்து. நானூறு டன் பிரஸ்ஸில் அடிக்கிற கார்க் கதவுத் தகடு ஓரம் கிழிந்து கிழிந்து வருகிறது. மூன்று எஞ்சினியர்கள் லேப்டாப்பைப் பார்த்துத் தலையைச் சொறிகிறார்கள். நான் இயர் ப்ளக்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு மெஷினுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். "இடது பக்க பின்னு லூஸு சார்" என்றேன். பிரித்துப் பார்த்தால் அதே பின். பக்கத்து மெஷின் பேச்சிராஜ் விசிலடித்துவிட்டான். திருநெல்வேலிப் பிள்ளை, நல்ல பிள்ளை. "அண்ணாச்சிக்குக் காதுலயே ஒரு கம்ப்யூட்டரு இருக்கு" என்று ஷாப் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

கம்பெனிக்கு நிலத்தைக் கொடுத்து வாங்கிய வேலை. பதினாறு வருடமாக இந்தப் பெயரைக் காப்பாற்றி வைத்திருக்கிறேன். லீவு போட்டு அருவி பார்க்க எனக்கு ஏது நேரம்? நீ பார், பார்த்து எழுது. ஆடிக் கிருத்திகைக்கு வல்லக்கோட்டையில் உன் பெயருக்கும் அர்ச்சனை செய்கிறேன்.

அன்பு அண்ணன்,
ரகுபதி

⁂

குண்டேரி
2.7.2025

அன்புள்ள அண்ணா,

ரசம் வைத்தேன், மூக்கு அடங்கிவிட்டது. பெயர் வாங்கிய அண்ணனுக்கு என் கும்பிடு.

இங்கே மழை தொடங்கிவிட்டது. என்ன மழை என்கிறாய்! பள்ளிக்கூடத்துக்குத் தகரக் கூரை. மேலே மழை தடதடவென்று இறங்கினால் நானோ எங்கள் தலைமையாசிரியர் கோமதியம்மாளோ கத்துவது முதல் வரிசைக்கே கேட்காது. வாய்ப்பாடு ஒப்பித்த வகுப்பு அப்படியே வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். மழை விட்டதும் தவளைகள் ஆரம்பிக்கும், ஏரி முழுக்க ஒரே கச்சேரி.

இன்னொருவரையும் அறிமுகம் செய்ய வேண்டும். விடியற்காலையில் என் ஜன்னல் பக்கம் ஒருவர் விசிலடிக்கிறார். வேலைவெட்டி இல்லாத எவனோ என்று செருப்பை எடுத்துக்கொண்டு போனேன். பார்த்தால் கருநீலத்தில் ஒரு குருவி! மனிதன் சீட்டியடிப்பது போலவே, ராகம் தெரியாதவன் அடிக்கிற சீட்டி போலவே இருக்கிறது. இதைக் கேட்டால் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய்.

ஒரு யோசனை சொல். உங்கள் பிரஸ் ஷாப்பிலும் காதைப் பிளக்கிற சத்தம்தானே, அங்கே நீங்கள் எப்படிப் பேசிக்கொள்கிறீர்கள்? என் பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிக் கொடுக்கிறேன்.

அண்ணிக்கும் நிலாவுக்கும் என் அன்பு.

காவேரி

⁂

வல்லம் வடகால்
13.7.2025

அன்புத் தங்கைக்கு,

நலம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு நிலா "அத்தை குருவிய செருப்பால அடிக்கப் போச்சாம்" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்.

நாங்கள் வாயால் பேசுவதே இல்லை, எல்லாம் கைதான். முஷ்டியை உள்ளங்கையில் குத்தினால் தகடு சிக்கிக்கொண்டது. கழுத்துக்குக் குறுக்கே கையை இழுத்தால் உடனே நிறுத்து. கட்டை விரலை வாய்ப் பக்கம் கொண்டுபோனால் டீ. சட்டைக் காலரைத் தொட்டால் பெரிய ஆபீசர் வருகிறார், ஒழுங்காக நில். உள்ளங்கையால் நெஞ்சைத் தட்டினால் நான் பார்த்துக்கொள்கிறேன், நீ கவலைப்படாதே. இந்தக் கடைசியை நன்றாகச் சொல்லிக்கொடு, அதுதான் முக்கியம்.

உங்கள் தலைமையாசிரியர் கோமதியம்மாள் வரும்போது பிள்ளைகள் காலரைத் தொட்டால் பழி என்மேல் வரக் கூடாது.

ரகுபதி

⁂

வல்லம் வடகால்
16.7.2025

காவேரிக்கு,

அண்ணி அம்சவல்லி எழுதுவது. நீ நன்றாக இருக்க முருகன் துணை. இந்தக் கடிதம் உன் அண்ணனுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

உன் அண்ணனுக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது. இரண்டு மூன்று வருடமாகவே எனக்குச் சந்தேகம். கூப்பிட்டால் திரும்ப மாட்டார். டிவியை அலற விடுவார். கேட்டால், "கேக்குது கேக்குது, சும்மா எதுக்கு நொய்நொய்னு?" என்று எரிந்து விழுவார். போனை என்னிடம் நீட்டுவதும் இதனால்தான். உன்மேல் கோபமில்லை.

கடந்த வாரம் பேச்சிராஜ் வீட்டுக்கே வந்துவிட்டான். "மைனி, அண்ணனுக்குப் பின்னால ஃபோர்க்லிஃப்ட் ஹாரன் அடிச்சிக்கிட்டே வருது, அவிய திரும்பவே இல்ல. நாந்தான் கையப் புடிச்சி இழுத்துப் போட்டேன். எப்பவும் நான் பக்கத்துல நிக்க முடியுமா?" என்று கண் கலங்கிப் போய்ச் சொன்னான்.

வருடா வருடம் நவம்பரில் கம்பெனியில் காது டெஸ்ட் உண்டு. மூன்று வருடமும் பாஸ். எப்படி என்று அந்த முருகனுக்குத்தான் வெளிச்சம். டெஸ்ட்டில் தெரிந்தால் சத்தமில்லாத வேறு வேலைக்கு மாற்றிவிடுவார்கள், சம்பளமும் போகாது. ஆனால் பிரஸ் ஷாப் போய்விட்டால் பெயர் போய்விடும் என்று பிடிவாதம். இந்த நவம்பரிலும் பாஸாகி இன்னொரு வருடம் அந்த மெஷின் முன்னால் நின்றால் இருப்பதும் போய்விடும்.

என் பேச்சு எடுபடாது. நீ சொன்னால் கேட்பார். மழைக்கு வா வா என்கிறாயே, எப்படியாவது வரவழைத்து நேரில் பக்குவமாகப் பேசு. எழுத்தில் எதையும் கேட்டுவிடாதே.

அண்ணி,
அம்சவல்லி

⁂

குண்டேரி
25.7.2025

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதத்தைக் கிழித்துவிட்டேன். கிழிப்பதற்கு முன் நான்கு முறை படித்தேன். "நீ கேட்டால் சிரிப்பாய்" என்று குருவியைப் பற்றி எழுதினேனே அண்ணி! என் கையை அடுப்பில் வைக்க வேண்டும்.

ஒன்றும் கேட்கமாட்டேன். வரவழைக்கிறேன்.

காவேரி

⁂

குண்டேரி
6.8.2025

அன்புள்ள அண்ணா,

நீயும் அண்ணியும் நிலாவும் நலமாக இருக்க வேண்டும். எனக்கு ஒரு குறையுமில்லை.

உன் கைப்பாஷை இங்கே பெரிய வெற்றி. கோமதியம்மாளைக் கண்டதும் முப்பது பிள்ளைகளும் காலரைத் தொடுகிறார்கள். அவர் அது ஏதோ புது வணக்கம் என்று எண்ணி, அவரும் தொட்டுக்கொள்கிறார்.

இப்போதுதான் குண்டேரி முழு அழகில் இருக்கிறது. மழை ஏரியின் அந்தக் கரையிலிருந்து நடந்து வருவதைப் பார்க்கலாம். முதலில் எதிர்மலை மறையும். பிறகு ஏரியின் பாதி சாம்பல் நிறமாகும், இந்தப் பாதியில் இன்னும் வெயில் இருக்கும். நடுவே கோடு கிழித்த மாதிரி நகர்ந்து வந்து நம் வாசலைத் தொடும். பூண்டுத் தாள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து வெள்ளி மாதிரி மின்னும். அருவி இப்போது ஒன்றில்லை, மூன்று. நடுவில் விழுவது பால் வெள்ளை, ஓரத்தில் இரண்டும் மண் கலந்து டீ நிறம். பாறையில் பட்டுத் தெறிக்கும் தூறலில் காலை பத்து மணிக்கு ஒரு வானவில் வரும், கை நீட்டினால் பிடித்துவிடலாம் போல அவ்வளவு பக்கத்தில்.

அக்டோபர் முதல் வாரம் எனக்குக் காலாண்டு விடுமுறை. நான் ஊருக்கு வரப்போவதில்லை. நீங்கள் வருகிறீர்கள். ஆயுத பூஜைக்கு உன் மெஷினும் ஓய்வெடுக்கும்தானே? மறுத்தால் பொங்கலுக்கும் வரமாட்டேன்.

காவேரி

⁂

வல்லம் வடகால்
5.9.2025

அன்புத் தங்கைக்கு,

பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. தினமும் ஓ.டி. வீட்டில் எல்லோரும் நலம்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய், கண்ணில் படம் ஓடுகிறது. ஏதோ ஒன்று குறைகிற மாதிரியும் இருந்தது. என்னவென்று பிடிபடவில்லை. போகட்டும்.

உன் அண்ணியும் நிலாவும் கூட்டுச் சேர்ந்துகொண்டு என்னைப் பாடாய்ப் படுத்துகிறார்கள். நேற்று சாப்பாட்டில் உப்பே இல்லை. கேட்டால், "குண்டேரி போனா உப்பு வரும்" என்கிறாள். வேறு மாடல் போடுவதற்காக லைன் ஐந்து நாள் நிற்கப்போகிறது. முப்பதாம் தேதி மெஷினுக்குப் பூஜை. முடித்துவிட்டுச் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ரயிலேறி, செங்கல்பட்டில் மாறிக் கொடைரோடு வருகிறோம்.

அட்டைப்பூச்சி இருக்கிறதா? நிலா உப்பு மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறாள்.

ரகுபதி

⁂

வல்லம் வடகால்
8.10.2025

அன்புத் தங்கை காவேரிக்கு,

சுகமாக வந்து சேர்ந்தோம். நிலாவுக்கு லேசாகச் சளி. எனக்கு இன்னும் மனசு இறங்கி வரவில்லை, அங்கேயே ஏரிக்கரையில் உட்கார்ந்திருக்கிறது.

நான் உன்னைக் காட்டுக்கா போகிறாய் என்று திட்டியது தப்பு. தப்பு என்று எழுத்தில் கொடுக்கிறேன், சட்டம் போட்டு மாட்டிக்கொள். நாற்பத்திரண்டு வயதில் இப்படி ஒரு இடத்தை நான் கண்டதில்லை. ஏரித் தண்ணீரில் மலை தலைகீழாக நிற்பதும், மேகம் வீட்டுக்குள் வந்து கண்ணாடியை ஈரமாக்கிவிட்டுப் போவதும், பலராமன் சம்சாரம் சுட்டுப்போட்ட பூண்டும்! அந்தப் பூண்டை உன் அண்ணி இரண்டு கிலோ கட்டி வந்துவிட்டாள். ரயில் பெட்டி முழுக்க எங்களை முறைத்தது.

அருவியைத்தான் சொல்ல வேண்டும். சோலைக்குள் நடந்து நடந்து திடீரென்று மரம் விலகியதே, அந்த இடத்தில் எனக்கு மூச்சே நின்றுபோனது. அவ்வளவு உயரத்திலிருந்து அவ்வளவு தண்ணீர்! எவன் சுவிட்சைப் போட்டான், எவன் நிறுத்துவான்? பாறைமேல் கையை வைத்தேன். நம் பிரஸ் ஓடும்போது தரை அதிருமே, அதே அதிர்வு. ஆனால் இது யாருக்கும் தகடு அடிக்கவில்லை, சும்மா தன்பாட்டுக்கு ஓடுகிறது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சாரல் என்று நினைத்திருப்பாய்.

நீங்கள் எல்லோரும் பேச முயற்சி செய்து பட்ட பாடு இருக்கிறதே! பலராமன் ஏதோ சொல்ல, உன் அண்ணி காதில் கை வைத்து "ஆங்? இன்னா?" என்று வாயசைக்க, நீ இருவரையும் பார்த்து முழிக்க. நிலா வழுக்குப் பாறைப் பக்கம் போனதும் நீங்கள் மூவரும் கத்தினீர்கள், ஒருவர் குரலும் போய்ச் சேரவில்லை. நான் கழுத்துக்குக் குறுக்கே கையை இழுத்தேன், அவள் அப்படியே நின்றாள். கட்டை விரலைக் காட்டினேன், ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். எதிர்ப்பாறையில் உன் பள்ளிப் பிள்ளைகள் என்னைப் பார்த்துக் காலரைத் தொட்டார்கள் பார், என்னைப் பெரிய ஆபீசராக்கிவிட்டார்கள்!

அந்த இரண்டு மணி நேரம்தான் நான் கஷ்டமே இல்லாமல் எல்லோரோடும் பேசினேன்.

அன்பு அண்ணன்,
ரகுபதி

⁂

குண்டேரி
16.10.2025

அன்புள்ள அண்ணிக்கு,

நிலாவின் சளி எப்படி இருக்கிறது? இந்தக் கடிதமும் உங்களுக்கு மட்டும்.

என்னை மன்னித்துவிடுங்கள். ஏரிக்கரையில் நீங்கள் கண்ணால் "கேளு, கேளு" என்று ஜாடை காட்டியதெல்லாம் தெரிந்தது. ஐந்து நாளும் வாய் வரை வந்தது. அருவிக்குப் பக்கத்தில் அண்ணன் சிரித்த சிரிப்பை நீங்களும் பார்த்தீர்கள். அதற்குப் பிறகு எப்படிக் கேட்பது?

கிளம்புகிற அன்று காலை நீங்கள் குளித்துக்கொண்டிருந்தீர்கள். அந்தக் குருவி ஜன்னல் கட்டையிலேயே வந்து உட்கார்ந்து விசிலடித்தது. ஒரு முழம்கூட இல்லை. அண்ணன் அதன் அலகு திறந்து மூடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் சட்டென்று வெளியே மேகத்தைக் காட்டி, "எவ்வளவு அழகு" என்று ஏதோ உளறினேன். அவர் நெஞ்சை ஒரு தட்டுத் தட்டிவிட்டு எழுந்து போய்விட்டார்.

நவம்பர் வருகிறது. இந்த வருடமும் பாஸ் என்று எழுதினால் நான் என்ன செய்வேன் அண்ணி?

காவேரி

⁂

வல்லம் வடகால்
27.11.2025

அன்புத் தங்கை காவேரிக்கு,

அண்ணன் ரகுபதி எழுதுவது. வீட்டில் அனைவரும் நலம். ஏழு வாரமாகக் கடிதம் இல்லையே என்று நீ கவலைப்பட்டிருப்பாய். ஒரு விஷயம் முடியட்டும் என்று காத்திருந்தேன்.

பதினெட்டாம் தேதி காது டெஸ்ட். சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டிவிடுவார்கள். வெளியே நர்ஸ் மெஷினைத் திருகுவார். 'பீப்' கேட்டால் நாம் பட்டனை அழுத்த வேண்டும். மூன்று வருடமாக நான் பாஸானது எப்படி என்று உன் அண்ணிக்கு இன்னும் ஆச்சரியம். எதிரே கண்ணாடியில் நர்ஸின் முழங்கை தெரியும். முழங்கை அசைந்தால் நான் பட்டனை அழுத்துவேன். அவ்வளவுதான் வித்தை. ஜூனில் பின் லூஸ் என்று சொன்னதும் காதால் அல்ல, மெஷின்மேல் கை வைத்துச் சொன்னது. பேர் வாங்குவதற்காக இயர் ப்ளக்கைக் கழற்றிக் கழற்றிப் பதினாறு வருடம் காதைக் கொடுத்தவன் நான். யாரையும் குற்றம் சொல்ல வழியில்லை.

இந்த முறை நாற்காலியைத் திருப்பிப் போட்டுக் கண்ணாடிக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். "ஏன் சார் அந்தப் பக்கம்?" என்று நர்ஸ் உள்ளே வந்து சைகை காட்டினார். "இப்டி குந்துனாதாம்மா நெஜம் தெரியும்" என்றேன். கேட்டதற்கு மட்டும் அழுத்தினேன். வலது காதுக்கு ஒரு முறைகூட அழுத்தவில்லை. இடதுக்கு நான்கு முறை.

ஒன்றாம் தேதியிலிருந்து டை ஸ்டோரில், பிரஸ் அச்சுகளை அடுக்கி வைக்கும் கிடங்கில், வேலை. அமைதியான இடம். பிரஸ் ஷாப்பை விட்டு வந்த அன்று பேச்சிராஜும் மற்றவர்களும் வரிசையாக நின்று நெஞ்சைத் தட்டினார்கள். நான் அழுதேன், அதை மறைக்கவில்லை. பெயர் போய்விடும் என்று இத்தனை நாள் பயந்தேன். பெயர் எங்கேயும் போகவில்லை.

நீ ஏன் ஒன்றுமே கேட்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஜூன் மாதக் கடிதத்தில் உன் அருவி இரண்டு மைலுக்கு இரைந்தது. ஜூலையில் தகரத்தில் மழை தடதடத்தது, தவளை கச்சேரி வைத்தது, குருவி சீட்டியடித்தது. ஆகஸ்டில் மூன்று அருவி விழுந்தது, ஒன்றுக்குக்கூடச் சத்தம் இல்லை. ஏதோ குறைகிறது என்று எழுதினேனே, குண்டேரியில் அந்தக் குருவிக்கு முன்னால் உட்கார்ந்தபோதுதான் அது என்னவென்று பிடிபட்டது. ஓடுகிற மெஷினில் ஒரு சத்தம் குறைந்தால் எங்கே கோளாறு என்று கண்டுபிடிப்பவன் உன் அண்ணன், மறந்துவிட்டாயா? எனக்கு வலிக்கக் கூடாது என்று ஒரு மலையையே ஊமையாக்கி அனுப்பியிருக்கிறாய். திருட்டுக் கழுதை.

இடது காதுக்கு மெஷின் வாங்கியாயிற்று. மாட்டியதும் முதலில் கேட்டது உன் அண்ணி என்னைத் திட்டியது. அதைக் கேட்டு நான் சிரிக்க, அவள் அழ, நிலா எங்கள் இருவரையும் பார்த்துப் பயந்துவிட்டாள். பெரிய சத்தமெல்லாம் ஓரளவு கேட்கும், மெல்லிய கீச்சுச் சத்தங்கள் இனித் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதனால் இனிமேல் ஒன்றையும் மறைக்காமல் எழுது. தகரத்தில் மழை எப்படி விழுகிறது, அருவி இன்றைக்கு என்ன பேசியது, எல்லாம். முக்கியமாக அந்தக் குருவி. இன்னும் விசிலடிக்கிறதா? ராகம் கொஞ்சமாவது தேறியிருக்கிறதா?

உன் கடிதத்துக்குக் காத்திருக்கும் அண்ணன்,
ரகுபதி